அறிவியல், கணித வகுப்புகளில் பொறியியலை இணைக்க ஆசிரியர்களை ஆயத்தப்படுத்துவது எப்படி?

சிங்கப்பூர்ப் பள்ளிகளில் மாணவர்கள் கையால் செய்து பார்க்கும் வாய்ப்புகளுக்குக் குறைவில்லை. கல்வி அமைச்சு 2013-இல் அறிவித்த பயன்பாட்டுக் கற்றல் திட்டம் 2017-க்குள் எல்லா உயர்நிலைப் பள்ளிகளையும், 2023-க்குள் தொடக்கப்பள்ளிகளையும் எட்டியது. அதன்வழி பல பள்ளிகளில் மாணவர்கள் உணரிகளையும் இயந்திரக் கருவிகளையும் தொட்டுப் பழகுகிறார்கள். ஆயினும் அந்தப் பாடவேளை பெரும்பாலும் அட்டவணையின் ஓர் ஓரத்தில் தனித்து நிற்கிறது. மறுநாள் வெப்பக் கடத்தலை நடத்தும் அறிவியல் ஆசிரியருக்கும், வீதத்தை நடத்தும் கணித ஆசிரியருக்கும் பொறியியல் தம்முடைய வேலையாகத் தோன்றுவதில்லை. இந்த வழிகாட்டி, அந்த ஆசிரியர்களுக்கு ஒரு தவணைக்காலம் முழுவதும் பயிற்சி நடத்த விரும்பும் பாடத்துறைத் தலைவர்களுக்கும் மூத்த ஆசிரியர்களுக்கும், சிண்டா (சிங்கப்பூர் இந்தியர் மேம்பாட்டுச் சங்கம்) போன்ற சமூக அமைப்புகளின் துணைப்பாட வகுப்புகளை ஒருங்கிணைப்போருக்கும் எழுதப்பட்டது.

இதில் எனக்கு உறுதியான கருத்து ஒன்று உண்டு. ஆசிரியர் ஒரு பொறியியல் சிக்கலைத் தாமே எடுத்து, கணித்து, செய்து, சோதித்து, அளவீட்டைக் கொண்டு திருத்தி முடிக்காதவரை, எந்தப் பயிலரங்கும் அவருடைய வகுப்பறையை மாற்றாது. அந்தச் சிக்கலும், அறிவியலும் கணிதமும் இல்லாமல் தீர்க்க முடியாததாக இருக்க வேண்டும். பயிற்சித் திட்டத்தின் மற்ற ஏற்பாடுகள் எல்லாம் இவ்விரண்டுக்கும் துணையானவைதாம்.

எதைப் பொறியியல் என்கிறோம்?

பயிற்சியில் சேரும் ஆசிரியர்கள் பலர், பொறியியல் என்றால் மின்சுற்றும் நிரலும் இயந்திரக் கையும் என்று எண்ணி வருவார்கள். முதலிலேயே அந்த எண்ணத்தைத் தளர்த்துவது நல்லது. உலகம் ஏன் இப்படி நடந்துகொள்கிறது என்பதை அறிவியல் விளக்க முயல்கிறது. ஒருவருடைய தேவையை, இருக்கும் பணம், இடம், நேரம், பொருள் ஆகிய வரம்புகளுக்குள் எப்படி நிறைவேற்றுவது என்பதைப் பொறியியல் தேடுகிறது. அமெரிக்காவில் 2013-இல் வெளியான பள்ளி அறிவியல் தரநிலைகள், பொறியியல் வடிவமைப்பை மூன்று கூறுகளாகப் பிரித்தன: சிக்கலை வரையறுத்தல், தீர்வுகளை உருவாக்குதல், அவற்றுள் சிறந்ததை மேலும் சீராக்குதல். பாஸ்டன் அறிவியல் அருங்காட்சியகம் தொடக்கப்பள்ளிகளுக்காக உருவாக்கிய பாடத்திட்டம் இதையே கேள், கற்பனை செய், திட்டமிடு, உருவாக்கு, மேம்படுத்து என ஐந்து படிகளாக்கியது.

படிகளின் எண்ணிக்கையைப் பற்றி நான் கவலைப்படுவதில்லை. வட்டமாக வரைந்த படத்தைச் சுவரில் ஒட்டி, மாணவர் ஒவ்வொரு பெட்டியாக நிரப்பிச் செல்லும்போது வடிவமைப்பு வெறும் படிவமாகிவிடுவதுதான் கவலைக்குரியது. நம் கணிதப் பாடத்திட்டத்தின் ஐங்கோணச் சட்டகம் 1990 முதலே சிக்கல் தீர்த்தலை நடுவில் வைத்திருக்கிறது. நம் அறிவியல் பாடத்திட்டம் புலனாய்வுக் கற்றலை வலியுறுத்துகிறது. ஆகவே, புதியதொரு பாடத்தைச் சுமக்கச் சொல்லவில்லை என்பதைப் பங்கேற்பவர்களிடம் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். ஏற்கனவே நடத்தும் பாடத்தின் ஒரு பகுதியை வேறு வழியாக நடத்தப் போகிறோம், அவ்வளவுதான்.

சரியான சிக்கலைத் தேர்ந்தெடுத்தல்

பயிற்சியின் வெற்றியில் பெரும்பங்கு இங்கேயே முடிவாகிவிடுகிறது. உறிஞ்சுகுழல்களையும் ஒட்டுநாடாவையும் கொடுத்து உயரமான கோபுரம் கட்டச் சொல்லும் நடவடிக்கையை எல்லாரும் அறிவோம். அதில் சிரிப்பும் ஒத்துழைப்பும் உண்டு. ஆனால் விசையைப் பற்றி ஒன்றும் அறியாத குழுவும் நாடாவை அதிகம் சுற்றி வென்றுவிடும். எனவே எந்த நடவடிக்கையையும் ஏற்பதற்கு முன் ஒரு கேள்வியைக் கேளுங்கள்: நாம் கற்பிக்க விரும்பும் கருத்து தெரியாமலேயே ஒரு குழு இதில் வெற்றிபெற முடியுமா? முடியும் என்றால் நடவடிக்கையைத் தூக்கியெறிய வேண்டியதில்லை; அதன் வரம்புகளை மாற்றினால் போதும். சோதனைகளின் எண்ணிக்கையைக் குறைக்கலாம். ஒவ்வொரு பொருளுக்கும் விலை வைக்கலாம். எல்லாவற்றையும்விட வலிமையான வழி, சோதனைக்கு முன் முடிவை எண்ணாக முன்கணித்து எழுதிக் கொடுக்கச் சொல்வதாகும். முன்கணிக்க வேண்டிய கட்டாயம் வந்ததும் கை நின்று மூளை வேலை செய்யத் தொடங்கும்.

சிக்கல் நம் ஊரைச் சேர்ந்ததாக இருப்பதும் முக்கியம். நான் பரிந்துரைப்பது மழைநீர்ச் சிக்கல். சிங்கப்பூரில் ஆண்டுக்கு ஏறத்தாழ 2,400 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. ஆண்டிறுதிப் பருவமழையும், விடியற்காலைகளில் வீசும் சுமத்திராப் புயல்காற்றும் குறுகிய நேரத்தில் பெருமழையைக் கொட்டக்கூடியவை. 2010-இல் ஆர்ச்சர்ட் சாலையில் ஏற்பட்ட திடீர் வெள்ளத்தைப் பல ஆசிரியர்கள் நினைவில் வைத்திருப்பார்கள். அதன் பின் கட்டப்பட்ட ஸ்டாம்ஃபர்ட் தேக்கத்தொட்டி சிங்கப்பூர்ப் பூமலை எனப்படும் தாவரவியல் பூங்காவுக்கு அருகே நிலத்தடியில் இருக்கிறது. 2018-இல் செயல்படத் தொடங்கிய அது 38,000 கனமீட்டர் நீரை, அதாவது ஏறத்தாழ 15 ஒலிம்பிக் நீச்சல்குள அளவு நீரைத் தற்காலிகமாகத் தாங்கக்கூடியது. மழை தணிந்ததும் அந்த நீர் மீண்டும் வடிகாலுக்கு அனுப்பப்படுகிறது. 2014 முதல், 0.2 ஹெக்டரோ அதற்கு மேலோ பரப்புள்ள புதிய கட்டுமானத் திட்டங்கள் தங்கள் நிலத்திலேயே மழைநீரின் வேகத்தைக் குறைக்கும் ஏற்பாட்டைச் செய்ய வேண்டும் என்று பொதுப் பயனீட்டுக் கழகம் விதித்திருக்கிறது. தேக்கா அருகே ரோச்சோர் கால்வாயைக் கடந்து செல்லும் மாணவருக்கும், புளோக்கின் கீழ்த்தளத்தில் மழை விடக் காத்து நிற்கும் மாணவருக்கும் இது தூரத்துச் செய்தியாக இருக்காது.

முதல் அமர்வு: ஆசிரியர்கள் கற்பவர்களாக

மூன்று மணிநேரம் தேவை. படவில்லைகளோடு தொடங்க வேண்டாம். குழாய் வசதியுள்ள, கூரையிட்ட ஓரிடத்தைத் தேர்ந்தெடுங்கள். தரை ஈரமாகும் என்பதால் துணிகளும் வாளிகளும் கைவசம் இருக்கட்டும். ஒவ்வொரு குழுவிலும் ஓர் அறிவியல் ஆசிரியரும் ஒரு கணித ஆசிரியருமாவது இருக்க வேண்டும். இதை விட்டுக்கொடுக்காதீர்கள். ஒரே துறையினர் கூடும் குழுவில், தமக்குப் பழகிய பாதியை மட்டும் செய்துவிட்டு மறுபாதியைத் தாண்டிச் செல்வது எளிதாகிவிடும்.

சிக்கலை இவ்வாறு கொடுங்கள். ஒரு நிமிடம் மட்டும் மழை பெய்கிறது; அதில் மொத்தம் 3 லிட்டர் நீர் விழுகிறது. ஒருவர் ஒவ்வொரு 10 நொடிக்கும் அரை லிட்டரைச் சீராக ஊற்றுவார். கீழே உள்ள வடிகால் நொடிக்கு 25 மில்லிலிட்டருக்கு மேல் தாங்காது. 15 சென்டிமீட்டர் உயரத்துக்கு மிகாத, அடியில் ஒரே துளையுள்ள தேக்கத்தொட்டி ஒன்றை வடிவமைக்க வேண்டும். தொட்டி நிரம்பி வழியக் கூடாது, வடிகாலின் வரம்பும் மீறப்படக் கூடாது. தொட்டியின் ஒவ்வொரு 100 மில்லிலிட்டர் கொள்ளளவுக்கும் கற்பனைப் பணமாக ஒரு வெள்ளி செலவாகும். குறைந்த செலவில் இரு நிபந்தனைகளையும் நிறைவேற்றும் குழுவின் வடிவமைப்பே சிறந்தது. பொருள்கள் எளியவை: பல அளவுகளில் ஒளிபுகும் பிளாஸ்டிக் டப்பாக்கள், அளவுகோல், அளவுருளை, தொலைபேசியின் நிறுத்துக்கடிகாரம். 4, 5, 6, 8 மில்லிமீட்டர் துளைகளை அமர்வை நடத்துபவரே துளையிட்டுத் தர வேண்டும். ஒவ்வொரு குழுவுக்கும் இரண்டே சோதனைகள். ஒவ்வொரு சோதனைக்கும் முன் துளையின் அளவு, தொட்டியின் அடிப்பரப்பு, தொட்டி நிறையும் நேரம் ஆகியவற்றை எழுதிக் கொடுத்தாக வேண்டும்.

பெரும்பாலான குழுக்கள் செல்லக்கூடிய வழி இது. மழை நொடிக்கு 50 மில்லிலிட்டர், வெளியேறுவது 25, ஆகவே மிச்சம் 25. அறுபது நொடிக்கு ஒன்றரை லிட்டர். கணக்கு சரி. ஆனால் அந்தத் தொட்டியில் 5 மில்லிமீட்டர் துளையிட்டுச் சோதித்தால், 15 சென்டிமீட்டர் உயரமுள்ள அது ஏறத்தாழ 42-ஆம் நொடியிலேயே நிரம்பி வழியும். காரணம், துளை எப்போதும் ஒரே வீதத்தில் நீரை விடுவதில்லை. 17-ஆம் நூற்றாண்டு இத்தாலிய அறிஞர் டாரிசெல்லி காட்டியபடி, வெளியேறும் நீரின் வேகம் நீர்மட்ட உயரத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. மட்டம் நான்கு மடங்கானால்தான் வேகம் இரு மடங்காகும். தொட்டி ஏறத்தாழ காலியாக இருக்கும் முதல் நொடிகளில் துளை மிகக் குறைவாகவே விடுகிறது. கூர்விளிம்புள்ள துளையில் நீர்த்தாரை சுருங்குவதால், வாய்பாடு தரும் அளவில் ஏறத்தாழ 60 விழுக்காடே உண்மையில் வெளியேறும். இவற்றைச் சேர்த்துப் பார்த்தால், நிறைந்த தொட்டியில் 5 மில்லிமீட்டர் துளை நொடிக்கு ஏறத்தாழ 20 மில்லிலிட்டரை விடும். 6 மில்லிமீட்டர் துளை 29-ஐ எட்டி வரம்பை மீறிவிடும். விட்டத்தில் ஒரு மில்லிமீட்டர் கூடியதற்கு இவ்வளவு வேறுபாடா என்று ஒருவர் கேட்கும் கணத்தில் வட்டத்தின் பரப்பளவு உயிர் பெறுகிறது. 5 மில்லிமீட்டர் துளைக்கு ஏறத்தாழ 2.2 லிட்டர் தொட்டி தேவைப்படும். 12 சென்டிமீட்டர் சதுர அடிப்பாகமும் 15 சென்டிமீட்டர் உயரமும் கொண்ட டப்பா விளிம்புவரை நிறைந்து நிற்கும்.

இந்த எண்களை முன்கூட்டியே சொல்லிவிடாதீர்கள். முதல் சோதனைக்கும் இரண்டாவது சோதனைக்கும் இடையிலான நேரமே இந்த அமர்வின் உயிர்நாடி. அப்போது குழுக்கள் சுற்றிச் சுற்றிப் பேசுவதும், வெவ்வேறு மட்டங்களில் வெளியேறும் நீரை அளந்து பார்க்க அனுமதி கேட்பதும், கணித ஆசிரியர் அட்டவணை போட்டு ஐந்து நொடிக்கு ஒரு முறை மட்டத்தைக் கணக்கிடுவதும் நடக்க வேண்டும். அளவிடுவதற்கு அனுமதி கேட்டால் தாராளமாகக் கொடுங்கள். முழுச் சோதனைக்குத்தான் வரம்பு. குறைந்தது நாற்பது நிமிடத்தை அதற்கென ஒதுக்கி, அந்த நேரத்தில் நீங்கள் வாயடக்கி இருங்கள். பயிற்சியாளர் உதவப் புகுந்துவிட்டால், மாணவர் திணறும்போது எவ்வளவு நேரம் பொறுக்கலாம் என்பதை ஆசிரியர்கள் தம் உடலால் உணர வாய்ப்பே இல்லாமல் போய்விடும்.

இரண்டாம் அமர்வு: பிரித்துப் பார்த்தல்

ஒரு வாரத்துக்குப் பின் மீண்டும் கூடும்போது, சென்ற முறை தாங்கள் எடுத்த முடிவுகளை ஆசிரியர்கள் ஒவ்வொன்றாக எழுதி, எந்தெந்த முடிவுக்கு எந்த அறிவியல் கருத்தோ கணிதக் கருத்தோ தேவைப்பட்டது என்று எதிரே குறிக்கட்டும். எதிரே ஒன்றும் இல்லாத முடிவுகள் கைவினை. அவை இருக்கலாம், ஆனால் பாடநேரத்தை விழுங்கக் கூடாது. டப்பாவை வெட்டுவதற்கும் ஒட்டுவதற்கும் இருபது நிமிடம் போனது தெரிந்தால், வகுப்பில் வெட்டிய டப்பாக்களையே கொடுக்கலாம் என்ற முடிவுக்கு அவர்களே வருவார்கள்.

இங்கே இரு துறைகளுக்கும் இடையே மறைந்திருக்கும் ஒரு வேறுபாட்டை வெளியே கொண்டுவாருங்கள். அறிவியல் ஆசிரியருக்கு வரைபடம் என்பது சிதறிய அளவீட்டுப் புள்ளிகளும் அவற்றின் நடுவே செல்லும் பொருத்தக் கோடும் ஆகும். கணித ஆசிரியருக்கோ அது பிசிறில்லாத ஒரு சார்பு; புள்ளி கோட்டில் இல்லை என்றால் எங்கோ தவறு. ஒரே மாணவர் இரு வகுப்புகளிலும் அமர்ந்து இவ்விரண்டையும் கேட்கிறார். இரண்டையும் இணைக்கும் பொறுப்பு அவரிடமே விடப்படுகிறது. தொட்டியின் நீர்மட்ட வரைபடத்தை இரு ஆசிரியர்களும் சேர்ந்து வரைந்து, கணிப்புக் கோட்டையும் அளவீட்டுப் புள்ளிகளையும் ஒரே தாளில் வைத்து, இடைவெளி எதனால் வந்தது என்று பேச வேண்டும். எந்த விரிவுரையும் அந்த உரையாடலுக்கு ஈடாகாது என்பேன்.

பிறகு நிலைக்கேற்ப மாற்றி அமைக்கலாம். தொடக்கநிலை மாணவருக்கு வர்க்கமூலம் வேண்டாம். நீர்மட்டம் உயர உயர நீர் வேகமாக வெளியேறுகிறது என்பதை அளந்து, அட்டவணையிட்டு, அதைக் கொண்டு டப்பாவைத் தேர்ந்தெடுத்தாலே போதும். உயர்நிலையில் கனஅளவு, வீதம், வட்டப் பரப்பு ஆகியவற்றோடு அழுத்தத்தையும் இணைக்கலாம். 2024 முதல் உயர்நிலை ஒன்றில் சேர்ந்த மாணவர்கள், முழுமையான பாட அடிப்படையிலான வகைப்படுத்தலின்கீழ் கணிதத்தை ஒரு நிலையிலும் அறிவியலை இன்னொரு நிலையிலும் படிக்கக்கூடும். ஆகவே ஒரே சிக்கலுக்கு இரண்டு மூன்று அளவிலான துணைக்கேள்விகளைத் தயாரித்து வைப்பது இப்போது தவிர்க்க முடியாதது.

வகுப்பறையில் முயலுதலும் உற்றுநோக்கலும்

இரண்டாம் அமர்வுக்கும் மூன்றாவதற்கும் இடையே மூன்று நான்கு வாரங்கள் விடுங்கள். ஒவ்வோர் இணையும் தம் வகுப்பில் ஒரே ஒரு பாடத்தை நடத்த வேண்டும். ஒருவர் நடத்தும்போது மற்றவர் உட்கார்ந்து பார்க்க வேண்டும். ஜப்பானிய ஆசிரியர்கள் நீண்டகாலமாகப் பேணிவரும் பாடஆய்வு முறை நமக்கு இதில் நல்ல முன்மாதிரி: உற்றுநோக்குபவர் ஆசிரியரை மதிப்பிட வரவில்லை, மாணவரின் சிந்தனையைப் பார்க்க வருகிறார். எனவே அவர் ஒரு குழுவின் அருகிலேயே அமர்ந்து, அவர்கள் சொல்லும் சொற்களை அப்படியே எழுதிக்கொள்ளட்டும். “இன்னும் பெரிய டப்பா எடு” என்பதற்கும் “மட்டம் ஏறினால்தான் வேகமாகப் போகிறது, அதனால் அகலத்தைக் குறைத்துப் பார்க்கலாம்” என்பதற்கும் உள்ள தூரம்தான் நாம் அளக்க விரும்புவது.

நடத்தும் ஆசிரியர் குழுக்களிடம் செல்லும்போது கேட்க மூன்று கேள்விகள் போதும். இதை ஏன் மாற்றினீர்கள்? எந்த அளவீடு அப்படிச் சொன்னது? ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றினீர்களா? பாராட்டும் திருத்தமும் பிறகு வரலாம்.

நேரம் கிடைக்காது என்ற மறுப்பு கட்டாயம் எழும். தேர்வுகளை நோக்கி ஓடும் பள்ளியாண்டில் அது நியாயமான மறுப்பே. விடை, கூட்டாமல் மாற்றுவதில் இருக்கிறது. வீதத்தைப் பற்றிய இரண்டு பயிற்சித்தாள்களை எடுத்துவிட்டு அந்த நேரத்தில் இதை வையுங்கள். எந்தத் தாள்களை எடுக்கிறோம் என்பதைப் பாடத்துறைத் தலைவர் முன்கூட்டியே எழுத்தில் சொல்லிவிட வேண்டும். இல்லையெனில் ஆசிரியர் இரண்டையும் செய்ய முயன்று சோர்ந்துபோவார்.

மூன்றாம் அமர்வு: மாணவர் வேலைகளோடு அமர்தல்

ஆசிரியர்கள் கைவீசி வரக் கூடாது. மூன்று குழுக்களின் முன்கணிப்புத் தாள், அளவீட்டு அட்டவணை, திருத்திய வடிவமைப்பு ஆகியவற்றைக் கொண்டுவர வேண்டும். அவற்றுள் நன்றாகச் செய்த குழு ஒன்று, தடுமாறிய குழு ஒன்று, எதிர்பாராத வழியில் சென்ற குழு ஒன்று இருந்தால் நல்லது. மதிப்பெண் அளவுகோலை இந்தத் தாள்களை வைத்தே உருவாக்குங்கள். என் பரிந்துரை, தொட்டி நிரம்பி வழிந்ததா இல்லையா என்பதற்கு மிகக் குறைந்த மதிப்பெண்ணும், முன்கணிப்புக்கும் அளவீட்டுக்கும் உள்ள வேறுபாட்டை விளக்கிய விதத்துக்கு மிக அதிக மதிப்பெண்ணும் தருவது. வழிந்த தொட்டியை வைத்துக்கொண்டு தெளிவாகக் காரணம் சொல்லும் குழு, தற்செயலாக வென்ற குழுவைவிட அதிகம் கற்றிருக்கிறது.

வெளியே இருந்து பெறக்கூடிய துணை

ஆசிரியர்களுக்கு ஆண்டுக்கு 100 மணிநேரம்வரை பணித்திறன் பயிற்சிக்கு உரிமை உண்டு. பல பள்ளிகளில் நிபுணத்துவக் கற்றல் குழுக்களுக்கு வாராந்தர நேரமும் ஒதுக்கப்படுகிறது. இந்தத் தொடர் அமர்வுகளை அந்த நேரத்திலேயே அமைக்கலாம். கல்வியாளர்களுக்கான ஸ்கில்ஸ்ஃபியூச்சர் திட்டம் 2020-இல் முன்னுரிமை அளித்த துறைகளில் புலனாய்வுவழிக் கற்றலும் ஒன்று என்பதால், ஒப்புதல் பெறும்போது அதைச் சுட்டிக்காட்டலாம். தேசியக் கல்விக் கழகத்தின் பாடநெறிகளும், ஜூரோங்கில் உள்ள அறிவியல் நிலையத்தின் ஸ்டெம் (அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம்) பிரிவும் உதவக்கூடியவை.

ஆயினும் நம்மிடையே உள்ள ஒரு வளத்தை அதிகம் பயன்படுத்தாமல் விட்டிருக்கிறோம் என்று நினைக்கிறேன். நம் மாணவர்களின் பெற்றோரிலும் உறவினரிலும் வடிகால், கட்டுமானம், கப்பல் பட்டறை, மின்தூக்கிப் பராமரிப்பு எனப் பல துறைகளில் வேலை செய்யும் தமிழர்கள் இருக்கிறார்கள். இரண்டாம் அமர்வுக்கு அவர்களில் ஒருவரை அழையுங்கள். தொழில் வாழ்க்கையைப் பற்றிச் சொற்பொழிவாற்ற அல்ல. ஆசிரியர்களின் வடிவமைப்பைப் பார்த்து, குப்பை அடைத்தால் இந்தத் துளை என்ன ஆகும், இதைச் சுத்தம் செய்ய ஆள் எப்படி இறங்குவார் என்று கேள்வி கேட்க. பட்டம் பெற்ற பொறியாளர்தான் வர வேண்டும் என்பதில்லை. பல ஆண்டுகள் களத்தில் நின்ற மேற்பார்வையாளரின் கேள்வி சில நேரங்களில் இன்னும் கூர்மையாக இருக்கும்.

சிண்டா வகுப்புகள் போன்ற துணைப்பாட வகுப்புகளில் கற்பிப்போரையும் இந்த அமர்வுகளில் சேர்த்துக்கொள்ளுங்கள். அங்கே குழுக்கள் சிறியவை. முன்கணிப்புக்கு முன் ஒவ்வொரு பிள்ளையிடமும் தனித்தனியே காரணம் கேட்க முடியும். பாடம் ஆங்கிலத்தில் நடந்தாலும், தங்கள் தொட்டி எப்படி வேலை செய்கிறது என்பதை வீட்டில் தாத்தா பாட்டிக்குத் தமிழில் விளக்கி வரச் சொல்லலாம். மனப்பாடம் செய்த வாக்கியத்தை அப்படியே இன்னொரு மொழியில் ஒப்பிக்க முடியாது. புரிந்திருந்தால்தான் விளக்க வரும். அந்த விளக்கத்தைக் கேட்ட பெரியவர் திருப்பிக் கேட்ட கேள்வியையும் பிள்ளை எழுதி வரட்டும்.

தவணை முடிவில் துளையிட்ட டப்பாக்களை ஒரே பெட்டியில் வைத்து, அதனுடன் மாணவர் தாள்களின் நகல்கள், நீக்கிய பயிற்சித்தாள்களின் பட்டியல், உற்றுநோக்கியவரின் குறிப்புகள், உடைந்தவை அல்லது போதாமற்போனவை ஆகியவற்றை எழுதி வையுங்கள். அடுத்த ஆண்டு புதிதாகச் சேரும் ஆசிரியருக்கு அந்தப் பெட்டியைக் கொடுக்கும்போது குறிப்புகளை உடனே காட்ட வேண்டாம். முதலில் அவரும் ஒரு கணித ஆசிரியரும் சேர்ந்து, தண்ணீரை ஊற்றுவதற்கு முன் தங்கள் முன்கணிப்பை எழுதட்டும்.